தொட்டப்பா நன்மை வாங்காத சோளகம்

அண்மையில் சிலாபத்தில் ஒரு சாவீட்டில் நாம் சிலர் நெடுங்காலத்துக்குப் பிறகு ஒன்றாக உட்கார்ந்தோம். எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. ஒருத்திக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, இன்னொருத்தி கதிரையைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புகிறாள். தேத்தண்ணி வந்தது, கதை பழைய பக்கம் திரும்பியது. அப்போது உங்களில் ஒருத்தி, யாரென்று சொல்லமாட்டேன், என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"உண்மையச் சொல்லு. உன்ட தொட்டப்பா தானே உங்க அப்பாவ முடிச்சது?"

சவம் கிடக்கிற வீட்டில் பதில் சொல்லப் பிடிக்காமல் எழும்பி வந்துவிட்டேன். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது கோபம் கோபமாக வந்தது. முந்தல் தாண்டியபோது கோபம் குறைந்துவிட்டது. ஒரு சோளகக்காலம் முழுக்க அதே கேள்வியை நானும்தானே மனதுக்குள் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

நீங்கள் எல்லோரும் என்னோடு சேர்ந்து கோயிலில் முதல் நன்மை, அந்த நற்கருணை அப்பம், வாங்கியவர்கள். வெள்ளைச் சட்டையும் துணிப்பூ முடியுமாக ஒரே வரிசையில் நின்றோம். அந்த வருஷம் உங்கள் வீடுகளில் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியும், மறுநாள் நீங்களே வந்து சொல்லிவிடுவீர்கள். அதற்காக உங்களில் குறை காணவில்லை. கேள்விப்பட்டதைத் தள்ளி வைத்துவிட்டு, நான் கண்ணால் பார்த்ததை இப்போது சொல்கிறேன். கேட்டவளும் கேட்கட்டும்.

ஞானஸ்நானத்தின்போது என்னைக் கையில் ஏந்தியவர் அவர். அதனால் எனக்குத் தொட்டப்பா. அப்பாவும் அவரும் சிறு வயதிலிருந்தே ஒரே தெப்பத்தில் தொழிலுக்குப் போனவர்கள். அவர் கலியாணம் கட்டவில்லை. ஒல்லியான நெடிய மனிதர். முன்பல் ஒன்று இல்லாததால் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சீனி தூவிய பணிஸ் ஒன்று எனக்கு வாங்கித் தருவார். என்னோடு அதிகம் பேசமாட்டார். நான் தின்று முடிக்கும் வரை பக்கத்தில் நிற்பார், அவ்வளவுதான்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்குகிற நேரம் நம் கரை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடல் சேற்று நிறத்துக்கு மாறும். காற்று மணலை வாரிக்கொண்டு வந்து சோற்றுப் பானைக்குள் போடும். தெப்பங்களைத் தென்னைகளுக்கு அடியில் இழுத்துப் போட்டுவிட்டு ஆண்கள் கடதாசிச் சீட்டு விளையாடுவார்கள். கருவாட்டு மணம் நின்றுபோய், ஈரக் கயிறும் சுறா எண்ணெயும் மட்டும் மணக்கும். கடலில் வேலை இல்லாததால் எல்லோருக்கும் கதைக்க நேரம் இருந்தது. மற்ற மாதங்களில் நடந்திருந்தால் ஊர் இவ்வளவு கதைத்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தத் தொடக்க நாட்களில் ஒரு விடியலில், வேறு யாரும் தெப்பத்தைத் தள்ளாத காற்றில், அப்பாவும் தொட்டப்பாவும் மட்டும் கடலுக்குப் போனார்கள். நான் எழும்பும்போது அப்பாவின் பாய் சுருட்டிக் கிடந்தது. அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தா. அடுப்பு எரியவில்லை.

பின்னேரம் ஆகியும் அவர்கள் வரவில்லை. அடுத்த நாள் செய்தி வந்தது. மாம்புரிப் பக்கத்து முஸ்லிம் கடல்தொழிலாளி ஒருவர், அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நாங்கள் பிறகு காக்கா என்று கூப்பிட்டவர், தெப்பக் கட்டை ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி மிதந்த ஒரு மனிதரைக் கண்டு தூக்கியிருக்கிறார். ஒருவரைத்தான் தூக்கினார். அது அப்பா இல்லை.

புத்தளம் ஆசுபத்திரிக்குப் போன ஆட்களோடு அப்பாவின் அக்காவும் போனா. அவதான் எனக்கு மாமி, எங்களோடு எங்கள் வீட்டில்தான் இருந்தா. கணவன் இறந்த பிறகு தம்பியோடு வந்து ஒட்டிக்கொண்டவ, தம்பி மேல் உயிர். அவ திரும்பி வந்து படலையைத் தள்ளியதும் அழவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டு சொன்னா:

"அவன்ட கையில நகக் கீறல். முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் கிடக்கு. மீன் கீறினதில்ல அது. கட்டை கீறினதுமில்ல. மனிசக் கை."

அன்றைக்குத்தான் சந்தேகம் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

அப்பாவின் உடல் கிடைக்கவே இல்லை. வெறும் மேசையில் கறுப்புத் துணி விரித்து மெழுகுதிரிகள் வைத்து இறந்தோர் பூசை வைத்தார்கள். தொட்டப்பா ஆசுபத்திரியால் நேரே அந்தப் பூசைக்குத்தான் வந்தார். கடைசித் தூணுக்குப் பின்னால் முழந்தாளிட்டிருந்தார். முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டில் பொத்தான் பூட்டியிருந்தார். நம் கரையில் எந்த மீனவன் முழுக்கைச் சட்டை போட்டான்? தேத்தண்ணிக் கடைக்குப் போகும்போதும், தெப்பம் இழுக்கும்போதும் கூட அதே சட்டை. கடதாசி விளையாடுகிற இடத்துக்கு அவர் வந்தால் பேச்சு நின்றுவிடும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவார்.

அடுத்தது நன்மை. மணி அடித்ததும் ஊரே எழும்பிப் பீடத்துக் கிராதிக்கு முன்னால் போய் முழந்தாளிடும்போது அவர் மட்டும் தூணடியில் இருந்து அசையமாட்டார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொள்வார். அதற்கு முன்பு ஒரு ஞாயிறு கூட விட்டவர் இல்லை. ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமியிடம் கொலையைச் சொல்லியிருக்கிறான், சுவாமி மன்னிப்புக் கொடுக்கவில்லை. வேறு என்ன காரணம் இருக்க முடியும்? அப்பாவைக் கட்டாயப்படுத்தி அந்தக் காற்றில் கூட்டிக்கொண்டு போனதும் அவன்தான் என்று அதோடு சேர்த்துக்கொண்டார்கள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருப்பா. ஓம் என்றும் சொல்லமாட்டா, இல்லை என்றும் சொல்லமாட்டா. சால்வையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறும் போய் நன்மை வாங்கிக்கொண்டு வருவா.

நான் அவரை வேவு பார்க்கத் தொடங்கினேன். பூசையில் விரல் இடுக்கால் தூணையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் கோயில் கிணற்றில் அவர் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றார். சட்டைக் கை நனைந்து தோலோடு ஒட்டியிருந்தது. அவர் அதைச் சுருட்டியபோது நான் கிட்டப் போய்விட்டேன். கீறல்கள் ஆறி வெளுத்திருந்தன. சுண்டுவிரல் பக்கத்துக் கோடு மற்றவற்றை விட நீளம். என்னைக் கண்டதும் கையை மறைப்பார் என்று நினைத்தேன். மறைக்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, நான் பார்த்து முடிக்கும் வரை அப்படியே கையை நீட்டிக்கொண்டு நின்றார். முன்பு நான் பணிஸ் தின்று முடிக்கும் வரை நின்றது மாதிரியே. எனக்குப் பயம் பிடித்து ஓடிவிட்டேன்.

உபதேசியாரின் வகுப்பு உங்களுக்கு நினைவிருக்கும். கோயில் பக்கத்து விறாந்தையில் வரிசையாக உட்கார வைத்து முதல் நன்மைக்குப் படிப்பித்தார். ஒரு நாள் கடவுளின் இரக்கம் பற்றிய பாடம். எவ்வளவு பெரிய பாவமானாலும், உள்ளபடி மனம் நொந்து பாவசங்கீர்த்தனம் செய்தால் கடவுள் மன்னிப்பார் என்றார். நான் கையைத் தூக்கினேன்.

"கொலை செஞ்சாலுமா?"

நீங்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். உபதேசியார் பிரம்பை மடியில் வைத்தார்.

"ஓம், கொலையெண்டாலும்தான்."

"செத்த ஆளிட்ட கேக்காமலா?"

"செத்த ஆளும் கடவுளிட்டதானே பிள்ள இருக்கிறார்" என்றார்.

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்தேன். அப்பா அங்கே கடவுளுக்குப் பக்கத்தில் இருக்க, அவருடைய கண்ணுக்கு முன்னாலேயே தொட்டப்பாவைக் கடவுள் மன்னித்துவிடுவாரா? அப்படியானால் கடவுள் யாருடைய பக்கம்? அந்த வயதில் எனக்குக் கடவுள் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஆளுக்கு ஆள் ஒரு கதை சொல்லி எல்லோரையும் தன் பக்கம் வைத்துக்கொள்ளப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். இதை வெளியே சொல்லவில்லை. சொன்னால் நன்மை தரமாட்டார்கள் என்று பயம்.

அந்த மாதங்களில் வீட்டில் மரவள்ளிக்கிழங்கும் உப்பும்தான் பெரும்பாலும். கடலுக்குப் போக முடியாத தொட்டப்பா வீச்சுவலையை எடுத்துக்கொண்டு அலையில்லாத களப்புக்குப் போவார். விடியும்போது எங்கள் வேலியில் தேக்கிலையில் சுற்றிய மீன் தொங்கும். சில நாள் இறால். யார் வைத்தது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அம்மா அதை அவிழ்த்துப் பார்க்கவும் மாட்டா. அப்படியே தூக்கிக் காகங்களுக்கு எறிவா. என் சின்னத் தம்பி அந்த மீனைப் பார்த்து வாய்விட்டு அழுவான். "அப்பன விழுங்கினவன்ட மீனாடா உனக்கு வேணும்?" என்று மாமி அவனை அதட்டுவா. மறுநாளும் மீன் தொங்கும்.

காக்கா ஒரு நாள் மாம்புரியிலிருந்து சைக்கிளில் வந்தார். பேரீச்சம்பழப் பொட்டலம் ஒன்றைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு, முற்றத்து நிழலிலேயே உட்கார்ந்தார். அம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்றா.

"தங்கச்சி, மவுத்தாப் போன மனிசன நான் கண்டதில்ல. ஆனா ஒரு கதைய உங்களிட்ட சொல்லாம இருந்தா எனக்குப் பாவம். அவர நாங்க கண்டு கிட்டப் போனதும், 'என்ன விடுங்க, அவன் இங்கதான் இரிக்கான், அவனத் தேடுங்க' எண்டு கத்தினார். இழுத்து ஏத்தினா, திரும்பக் கடலுக்குள்ள பாயப் பாத்தார். பிடிச்சி வெச்சித்தான் கரைக்குக் கொண்டு வந்தோம். அல்லா அறிய நான் கண்டது இதுதான்."

அம்மா அவருக்கு வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொடுத்தா. அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையைத் தாண்டும் வரை மாமி பொறுத்திருந்தா.

"கேட்டியா? செஞ்சவனுக்குத்தான் அப்பிடிப் பாய வரும்."

காக்கா நல்லது சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்தார். பின்னேரத்துக்குள் அந்தக் கதையே இன்னொரு சாட்சியாக ஊருக்குள் போய்விட்டது. சந்தேகம் பிடித்துவிட்டால் என்ன கொடுத்தாலும் தின்னும் என்று நான் கண்டது அன்றைக்கு.

அதற்குப் பிறகு அம்மா சுவாமியைப் பார்க்கப் போனா. என்னையும் கூட்டிக்கொண்டு போனா. சுவாமி யாழ்ப்பாணத்தவர், வயதானவர், காலில் வீக்கம். வெள்ளை அங்கியோடு பிரம்புக் கதிரையில் காலை ஒரு முக்காலியில் நீட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

"இருங்கோ பிள்ளை" என்றார்.

அம்மா உட்காரவில்லை. "அவர் உங்களிட்ட என்ன சொன்னார், சுவாமி?"

"ஆர்?"

"உங்களுக்குத் தெரியும். ஆசுபத்திரியில போய்ப் பாத்தீங்கதானே."

சுவாமி கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். "பாவசங்கீர்த்தனத்தில கேட்டதை நான் சொல்ல ஏலாது. ஆர் வந்து கேட்டாலும் ஏலாது. உங்கட பாவசங்கீர்த்தனமும் அப்பிடித்தான்."

கடைசிச் சொல்லைக் கேட்டதும் அம்மாவின் முகம் மாறியது. நான் அதை அப்போது கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

"அவருக்கு நன்மை குடுக்காம வெச்சிருக்கிறீங்க. அப்ப நீங்களும் நம்புறீங்க."

"கிராதிக்கு வந்த ஒருத்தரையும் நான் திருப்பி அனுப்பினதில்லை, பிள்ளை" என்றார் சுவாமி.

வெளியே வந்ததும் அம்மா காறித் துப்பினா. "எல்லாரும் ஒரு கூட்டு" என்றா. சுவாமி சொன்னது மழுப்பல் என்றுதான் எனக்கும் பட்டது. அவர் நேராகத்தான் சொல்லியிருக்கிறார் என்பது விளங்க எனக்குக் கனகாலம் பிடித்தது.

முதல் நன்மை ஆவணியில் மாதா திருநாளில் என்று அறிவித்தார்கள். சட்டையும் முடியும் மெழுகுதிரியும் கொண்டு வருவது தொட்டப்பாவின் கடமை. பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று மெழுகுதிரியைப் பிடிப்பதும் அவர்தான். என்னுடைய சட்டைக்கு என்ன செய்வது என்று வீட்டில் யாரும் பேசவில்லை. அம்மா தன்னுடைய கலியாணச் சேலையை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தா. வெட்ட மனம் வரவில்லை போல.

திருநாளுக்கு முந்தின நாள் உச்சி வெயில். காற்று ஓலைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அம்மா முற்றத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தா, மாமி தேங்காய் உரித்துக்கொண்டிருந்தா. படலைக்கு வெளியே தொட்டப்பா வந்து நின்றார். கையில் மண்ணிறக் கடதாசியில் கட்டிய பார்சல். மெழுகுதிரியின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"எந்த மூஞ்சோட வந்தாய்?" மாமி எழும்பிவிட்டா.

அவர் மாமியைப் பார்க்கவில்லை. உள்ளே வந்து பார்சலை உரித்த தேங்காய்களுக்கு மேல் வைத்தார். சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி முழங்கைக்கு மேல் சுருட்டினார்.

"தங்கச்சி, இது அவன்ட நகம்தான். ஊரு சொல்றது பொய்யில்ல."

அம்மா தேய்த்துக்கொண்டிருந்த சட்டியைக் கீழே வைத்தா.

"தெப்பத்துக் கட்டு அறுந்து கட்டையெல்லாம் சிதறிப் போச்சு. ஒண்டுதான் அம்பிட்டது. ரெண்டு பேரும் பிடிச்சா அது உருண்டு கீழ போகுது. மாறி மாறிப் பிடிச்சோம். நல்ல நேரம் அப்பிடியே இருந்தோம், கதைச்சுக்கிட்டும் இருந்தோம். பிறகு பெரிய அலை ஒண்டு அடிச்சது. நான் மேல வந்து கட்டையப் பிடிக்கிறன், அவன் என்ட கையப் பிடிக்கிறான். நான் தட்டி விட்டன். அலையில்ல தங்கச்சி, நான்தான். தெரிஞ்சுதான் தட்டினன். அடுத்த மூச்சில திரும்பிக் கையப் போட்டன். ஆள் இல்ல."

மாமி தலையில் அடித்துக்கொண்டு கத்தினா. தேங்காய் உரிக்கிற அலவாங்கைப் பிடுங்கப் போனா.

"மச்சாள், சும்மா இருங்க" என்றா அம்மா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் மாமி நின்றுவிட்டா.

அம்மா அவரைக் கேட்டா: "சுவாமிட்ட சொன்னீங்களா?"

"ஆசுபத்திரியிலயே சொன்னன். அண்டைக்கே மன்னிப்புத் தந்துட்டார். கடவுள் மன்னிச்சிட்டார், இனி வந்து நன்மை வாங்கு எண்டார். ஒவ்வொரு கிழமையும் ஆள் அனுப்பிச் சொன்னார். எனக்கு ஏலாமப் போச்சு. உங்களிட்ட சொல்லாம அத வாங்கினா களவெடுத்த மாதிரி. சொல்ல வருவன், இந்தப் படலை வரைக்கும் வருவன். மீனைக் கட்டிப்போட்டுட்டுப் போயிருவன்."

ஊர் முழுக்க, சுவாமி அவருக்கு மன்னிப்பை மறுத்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தது. மன்னிப்பு அவருடைய கைக்கு எப்போதோ வந்துவிட்டது. வைத்துக்கொள்ளத்தான் அவருக்குத் தெரியவில்லை.

அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டா. சாம்பல் அப்பிய கைகளை மடியில் வைத்துக்கொண்டா. பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னா.

"அண்டைக்கு ஏன் போனீங்க எண்டு நான் உங்களக் கேக்கல்ல. எனக்குத் தெரியும். காத்து சரியில்ல, நான் போகல்ல எண்டுதான் அவர் படுத்துக் கிடந்தார். நாந்தான் ஏசினன். ஆம்பிளயெண்டா கடலுக்குப் போகணும், அடுப்படியில குந்தக் கூடாது எண்டன். ஒண்டும் பேசாம எழும்பிப் போனார்."

மாமி அலவாங்கில் இருந்து கையை எடுத்தா.

"நீங்கதான் இழுத்துக்கிட்டுப் போனீங்க எண்டு ஊரு சொன்னிச்சு. நான் வாயே திறக்கல்ல. எனக்கு அது வசதியா இருந்திச்சு. அந்த வாயாலதான் கிழமைக்குக் கிழமை நன்மை வாங்கினன்."

"எனக்குத் தெரியும்" என்றார் தொட்டப்பா.

"என்ன தெரியும்?"

"நீங்க ஏசினது. கரைக்குப் போற வழியில சொன்னான். சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னான், தங்கச்சி. கோவத்தோட போகல்ல."

அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தா. "தெரிஞ்சா ஏன் ஊருக்குச் சொல்லல்ல? உங்களத்தானே எல்லாரும் குத்திக்கிட்டு இருந்தாங்க."

"என்னத்துக்கு?" என்றார்.

அப்போதுதான் அம்மா அழுதா. அப்பா போன பிறகு நான் பார்த்த முதல் அழுகை அதுதான். தொட்டப்பா கிட்டப் போகவில்லை. போகக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, நின்ற இடத்திலேயே கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். நானும் தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு கதவடியில் நின்றேன்.

முகத்தைத் துடைத்ததில் அம்மாவின் கன்னமெல்லாம் சாம்பல். எழும்பி, பார்சலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டா.

"கடவுள் மன்னிச்சா அது அவர்ட பெரிய மனசு. எனக்கு அவ்வளவு இல்ல, அண்ணன். இண்டைக்கு ஏலாது. நாளைக்கும் ஏலுமோ தெரியாது. ஆனா நாளைக்குப் பிள்ளைக்குப் பக்கத்துல நிண்டு மெழுகுதிரி பிடிக்க ஆள் வேணும். அவள்ட தொட்டப்பா நீங்கதான்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். படலையைச் சாத்தக் கூட மறந்துவிட்டார்.

மறுநாள் பூசைக்கு முன் அம்மா பாவசங்கீர்த்தனக் கூட்டுக்குள் போனா. சின்னப் பிள்ளைகள் நாம் வரிசையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தோம், நினைவிருக்கிறதா? "உங்க அம்மாவுக்கு இவ்வளவு பாவமா?" என்று உங்களில் ஒருத்தி கேட்டாள். அவ்வளவு நேரம் உள்ளே இருந்தா.

தொட்டப்பா என் பக்கத்தில் நின்றார். அன்றைக்குத்தான் அரைக்கைச் சட்டை போட்டு வந்தார். கோயிலில் இருந்த அத்தனை கண்ணும் அந்தக் கீறல்களில். எல்லாவற்றையும் கேட்டிருந்தும் என் மனம் அவர் பக்கம் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மெழுகுதிரி பிடித்திருந்த அவர் கை என் கையில் படக்கூடாது என்று முழங்கையை ஒடுக்கிக்கொண்டு நின்றேன். சுடுமெழுகு அவருடைய விரலில் சொட்டியது, அவர் திரியைச் சாய்க்கவே இல்லை.

நாம் நன்மை வாங்கித் திரும்பினோம். அடுத்தது பெரியவர்கள். என் தொட்டப்பா வழக்கம்போல முழந்தாளிட்டு முகத்தை மூடிக்கொண்டார். ஆட்கள் நடுவழியால் போனார்கள். அம்மா நாங்கள் இருந்த வாங்குப்பலகைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டா. பின்னால் வந்தவர்களும் நிற்க வேண்டி வந்தது. வரிசை கதவு வரை நின்றது. பாட்டுக்காரர்கள் பாட்டை முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் அதையே திரும்பப் பாடத் தொடங்கினார்கள். சுவாமி பாத்திரத்தைக் கையில் ஏந்தியபடி கிராதிக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டு நின்றார். வீங்கின காலோடு.

"எழும்புங்க அண்ணன்" என்றா அம்மா.

அவர் எழும்பினார். அம்மாவுக்கு முன்னால் நடந்தார்.

தகுதி இல்லாமல் நன்மை வாங்கினால் நாக்கு எரிந்துபோகும் என்று உபதேசியார் நம்மைப் பயமுறுத்தியிருந்தார். நான் அவருடைய வாயையே பார்த்தேன். சுவாமி அப்பத்தை வைத்தார், அவர் வாயை மூடினார். ஒன்றும் நடக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக் கூட இருந்தது.

ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோயில் வாசலில் ஒரு பெண் அம்மாவை மறித்து, "வெக்கமில்லாம அவனக் கூட்டிக்கிட்டுப் போறியே" என்று கேட்டா. "அண்டைக்குக் கடலுக்குப் போகச் சொன்னது அவர் இல்ல, நான்" என்று அம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னா. உண்மையை முதல் தடவையாக வெளியே சொன்ன நாள் அது. ஒருவரும் நம்பவில்லை. அவனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்றார்கள். ஏன் காப்பாற்றுகிறாள் என்று அடுத்த கேள்வி. அதற்குப் பதிலும் அவர்களே கண்டுபிடித்தார்கள். கலியாணம் கட்டாத மனிதன், புருஷன் இல்லாத பெண். அந்தக் கதையும் உங்கள் வீடுகளில் ஓடியது.

அப்படி ஒன்றும் இல்லை. அவர் செத்துப் போகும் வரை எங்கள் படலைக்கு உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை. மீன் மட்டும் வேலியில் தொங்கும். அதற்குப் பிறகு அம்மா அதைக் கறி வைத்தா. தம்பி இரண்டு கையாலும் தின்றான். மாமியின் வாயில் அது இறங்கவில்லை. கொஞ்ச நாளில் சிலாபத்தில் இருந்த மகன் வீட்டுக்குப் போய்விட்டா. தன் தம்பியைக் கடலுக்குப் பறிகொடுத்தவ, அவவை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆகவே கேட்டவளுக்கு என் பதில்: ஓம். கையைத் தட்டிவிட்டது அவர்தான். நீ சந்தேகப்பட்டது சரி. சரியாகச் சந்தேகப்பட்டும் அந்த மனிதரை நாம் யாரும் அறியவில்லை.

அம்மா நெடுங்காலம் இருந்தா. கடைசி வருஷங்களில் என்னோடு இருந்தபோது, மழை பெய்கிற நாளிலும் விடியப் பூசைக்குக் குடையைத் தேடுவா. ஒரு நாள் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அம்மா, நீங்க தொட்டப்பாவ மன்னிச்சிட்டீங்களா?"

அவ கண்ணாடியில் என்னைப் பார்த்தா.

"சில நாளைக்கு ஓம். சில நாளைக்கு இல்ல" என்றா. "இல்லாத நாளைக்குத்தான் பூசைக்குப் போறன்."

பிறகு, குடையை எங்கே வைத்தாய் என்று கேட்டா.